ஆறாம் எண் வயலில் முப்பது நிமிடம்

“இன்னிக்குச் செவ்வாக்கெழமையில்ல, பெட்டிப் பொண்ணு வர்ற நாளு. நேத்து சாயங்காலமே மோட்டாரப் போட்டு வயலு நெறையத் தண்ணியக் கட்டிட்டா அம்சவல்லி,” என்று முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். “அதுல தண்ணி நிக்கக் கூடாதுன்னுல்ல சொன்னாங்க?” என்றாள் மற்றவள். “என்னமோ, அவ கட்டுறா. வாராவாரம் கட்டுறா.” பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தக் குலுக்கலில் பேச்சு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பந்தல் போட்ட கதைக்கு மாறிவிட்டது. பின்சீட்டில் வெயிலுக்குத் துப்பட்டாவை முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த தையல்நாயகி அதை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். பெட்டிப் பொண்ணு. தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது ஏழு வாரமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. பரவாயில்லை, கல்லூரியில் வைத்த பெயர்களுக்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் மற்றது மெல்ல உள்ளே இறங்கியது. வாராவாரம். மடியில் இருந்த சிறிய தெர்மகோல் பெட்டிக்குள் காலிக் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. முன்சீட்டுக்காரியின் தோளைத் தொட்டு, ‘அக்கா, எந்த வாரத்துலேர்ந்து?’ என்று கேட்டால் போதும். கேட்பதற்கு வாயைக்கூடத் திறந்தாள். அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார்கள். தையல்நாயகிக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அகரவெளி நிறுத்தத்திலிருந்து வயலுக்குப் பதினைந்து நிமிட நடை. ஒன்பது மணி வெயில் அதற்குள் முதுகில் கையை வைத்து அழுத்துகிறது. நடக்க நடக்க அவள் மனம் கணக்கை அடுக்கிப் பார்த்தது, அடுக்கியதும் சரிந்தது. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று இறங்காது. காற்றில்லாத சேற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விடும், அது பயிரின் தண்டு வழியாக மேலே ஏறிப் போய், பூமி வெளியே அனுப்பப் பார்க்கும் சூட்டைப் போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், கரியமில வாயு பிடிப்பதைவிடப் பல மடங்கு. வயலை ஓரளவு காயவிட்டு அப்புறம் பாய்ச்சினால் அது குறையும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று இதற்குப் பெயர், வேளாண்மை ஆபீசுக்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருவதுதான். இந்தப் பக்கத்து மண்ணில் எவ்வளவு குறைகிறது என்று யாரும் உட்கார்ந்து அளந்ததில்லை. அதற்குத்தான் அவள். பத்து வயல், ஐந்தில் எப்போதும் தண்ணீர், ஐந்தில் காய்ச்சலும் பாய்ச்சலும். அம்சவல்லியின் வயல் ஆறாம் எண், காய வேண்டிய வயல். அது மட்டும் குறையவில்லை, தண்ணீர் நின்ற வயல்களோடு சரிக்குச் சரி நின்றது. ஆய்வை நடத்தும் பேராசிரியர் இமானுவேல் சார் போன வாரம் அட்டவணையை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார், “இந்த வாய்க்கால் பாசனம் பூராவும் ஆறாம் நம்பர் மண்ணுதாம்மா, பசை மாதிரி களிமண்ணு. அதுலயே குறையலன்னா இந்த மண்ணுக்கு இது ஒத்து வராதுன்னு எழுதிட வேண்டியதுதான்.” வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் கூட்டம். அங்கே அப்படி எழுதிவிட்டால் இருபது கிராமத்துக்குப் போக வேண்டிய இந்த முறை போகாது. எழுதப்போவது பொய் என்பது இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அம்சவல்லியைத் தவிர உலகத்தில் மூன்று பெண்களுக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் கல்யாணப் பந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

மூன்று பேருக்கு இன்றைக்குத் தெரியும் என்பதுகூட முழு உண்மை இல்லை. அவளுக்கு முன்னாலேயே தெரியும். மூன்றாவது வாரம் வந்தபோது வயலில் நட்டிருந்த குழாயை எட்டிப் பார்த்தாள். ஓட்டை ஓட்டையாகப் போட்ட அந்தப் பிளாஸ்டிக் குழாயை ஊரில் புல்லாங்குழல் என்பார்கள், தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதற்குள் பார்த்துச் சொல்லலாம். சாண் ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டிய தண்ணீர் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. ஆடி மாதம், ஒரு பொட்டு மேகம் கிடையாது, பக்கத்து வரப்பு தூள் பறந்தது. நோட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் ‘மழை’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். யாரிடம் கேட்ட கேள்வி அது? கொட்டகை வாசலில் பத்தடி தூரத்தில் அம்சவல்லி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், அவளிடம் கேட்கவில்லை. நோட்டிடம் கேட்டாள். அடுத்த வாரமும் தளும்பியது, அப்போது ‘கசிவு’ என்று எழுதினாள். அதற்கடுத்த வாரம் குறிப்புக் கட்டத்தையே காலியாக விட்டாள்.

இப்போதும் தளும்புகிறது. கொட்டகையிலிருந்து அந்தப் பெரிய கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவந்து, மண்ணைக் கலக்காமல் நிற்பதற்காகப் போட்டிருந்த பலகைமேல் அடி மேல் அடி வைத்துப் போய், நாலு குத்துப் பயிரை உள்ளே விட்டுச் சேற்றில் பதித்திருந்த சட்டத்தின்மேல் கவிழ்த்தாள். சட்டத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் குழி ஓடும். அதில் தண்ணீர் நிரம்பியிருந்தால்தான் பெட்டி காற்றுப் புகாமல் உட்காரும். இன்றைக்கும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை, வயல் தண்ணீரே வந்து நிறைத்துவிட்டது. உள்ளே சின்ன விசிறி சுற்றத் தொடங்கியது. ஊசியைப் பெட்டியின் மேலிருந்த ரப்பர் மூடியில் குத்தி, காற்றை இழுத்து, குப்பிக்குள் செலுத்தினாள். ஒன்பது முப்பது. இனி பத்து நிமிடத்துக்கு ஒரு ஊசி, ஆகமொத்தம் நாலு. நடுவில் இருக்கும் முப்பது நிமிடம் அவள் பலகையில் அசையாமல் நிற்க வேண்டும், அழுத்தி மிதித்தால்கூடச் சேற்றிலிருந்து குமிழி வந்துவிடும். அசையாமல் நிற்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். அதனால்தான் இந்த வேலை தனக்குக் கிடைத்தது என்றுகூடச் சில நாள் நினைத்திருக்கிறாள்.

கேட்டுவிடலாம். அம்சவல்லி அக்கா எப்படியும் வருவாள், வந்ததும் கேட்டுவிடலாம். என்ன என்று கேட்பது? ‘நேத்து தண்ணி கட்டினீங்களா’ என்றால் குற்றம் பிடிப்பதுபோல இருக்கும். ‘தண்ணி நிறைய இருக்கே’ என்று பொதுவாகச் சொல்லலாம், அவளாகச் சொன்னால் சொல்லட்டும். சொல்லாவிட்டால்? இரண்டாவது ஊசிக்கு அப்புறம் கேட்கலாம். ஏன் தண்ணீர் கட்டுகிறாள் என்பதுதான் பிடிபடவில்லை. களை முளைத்துவிடும் என்ற பயமா, எல்லாருக்கும் இருக்கும் பயம்தான். இல்லை, வெளியாள் ஒருத்தி வந்து பார்க்கிற நாளில் வயல் பாளம் விட்டுக் கிடந்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறாளோ. தையல்நாயகியின் அம்மாகூட அப்படித்தான், யாராவது வருகிறார்கள் என்றால் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வாசலைக் கழுவி விடுவாள். அப்படித்தான் இருக்கும். அப்படியானால் மற்ற நாலு வயல்? புதன்கிழமை ஒரு வீடு, வியாழக்கிழமை ஒரு வீடு, அவள் வரும் நாள் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் முதல் நாள் சாயங்காலம் மோட்டார் போடுகிறார்களோ? இல்லை, அங்கெல்லாம் குழாயில் தண்ணீர் இறங்கித்தான் இருந்தது. கொக்கு ஒன்று பக்கத்து வயலில் ஒரு காலைத் தூக்கியது, எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் தூக்கியபடியே நின்றது. அந்த வயலில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி எதையோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அப்புறம் இல்லை என்று நினைத்தாள். பெட்டியின் உட்சுவரில் ஆவி பூக்க ஆரம்பித்திருந்தது. நாலு குத்துப் பயிர் அதற்குள் விசிறிக் காற்றில் மெல்ல ஆடியது, யாரோ கூப்பிட்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவதுபோல. மணிமாறன் அண்ணன் போனில் கேலி செய்வான், “அந்தப் பெட்டியக் கொண்டுபோய் ஏரோப்ளேன் மேல கவுத்துப் பாரேன் தையலு. ஏசி போட்டுத் தூங்கறவன் வீட்டு மேல கவுத்துப் பாரேன். பாவம், அம்சவல்லியோட சோத்துலயா வந்து ஊசி குத்துற?” அவன் சொல்வதற்குப் பதில் இல்லாமல் இல்லை. புகைபோக்கிகளையும் நிறுத்த வேண்டும், இதையும் குறைக்க வேண்டும், மீத்தேன் சீக்கிரம் கலைந்துபோகிற வாயு, இன்றைக்குக் குறைத்தால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பலன் தெரியும், கரியமில வாயு மாதிரி தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வேண்டாம், அதோடு இறைக்கிற தண்ணீரும் மிச்சம். எல்லாம் தெரியும். போனில் அவள் சொன்னது, “சரிண்ணே, அப்புறம் பேசறேன்.” அலாரம் அடித்தது. இரண்டாவது ஊசி.

கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் பக்கம் திரும்பும் இடத்தில் இருந்தது. வேதியியல் அம்மா இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்புவார், தையல்நாயகி விட்டுப்போவாள். முதல் நாள் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாம் நாள் சொன்னால் ‘நேத்தே ஏன் சொல்லல’ என்பார். பத்தாம் நாளுக்கு அப்புறம் அது பத்து மடங்கு ஆகிவிட்டது. கடைசியில் வருகை போதவில்லை என்று ஆபீசில் கூப்பிட்டு, மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். ‘உடல்நலக் குறைவால் வகுப்புகளுக்கு வர இயலவில்லை’ என்று, ஒரு நாள்கூட விடாமல் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தோழிகளிடம் அதை வேடிக்கையாகச் சொல்வாள், சிரிப்பார்கள். அது வேடிக்கை இல்லை. அதே பக்கம்தான் இப்போது மறுபடியும் திரும்பிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வாரம், நாலாம் வாரம், ஐந்து, ஆறு. இமானுவேல் சார் கத்த மாட்டார். கத்தினாலாவது தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ஏம்மா, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்பார். அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கும்போது அவர் பட்டியலில் பெயர் இருக்காது. மன்னார்குடி ஹாஸ்டல் அறையைக் காலி செய்துகொண்டு சீர்காழிக்குப் போக வேண்டும். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார், அம்மா எல்லாவற்றையும் கேட்பாள்.

“வயலுக்கு ஊசி போட்டாச்சா பாப்பா?” அம்சவல்லி வரப்பில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் மோர்ச் செம்பு, மறு கையில் விரித்த கறுப்புக் குடை. நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார், வயல் பாடு முழுக்க இவள்தான். “ரெண்டு ஆச்சுக்கா,” என்றாள் தையல்நாயகி. “ரெண்டா. புள்ள அழுவாம போட்டுக்கிச்சா?” என்று சிரித்துக்கொண்டே பலகைக்குப் பக்கத்து வரப்பில் நின்று, எட்டிக் குடையை நீட்டிப் பிடித்தாள். நிழல் வந்து தலையில் விழுந்தது, அப்படியே சரிந்து பெட்டியின்மேலும் பாதி விழுந்தது. பெட்டிமேல் நிழல் விழக்கூடாது. உள்ளே இருக்கும் சூடு மாறிவிடும், அளவு மாறிவிடும், சார் நூறு தடவை சொல்லியிருக்கிறார். குடையை எடுங்கள் என்று சொல்லாமல் தையல்நாயகி உடம்பை மெல்ல இடப்பக்கம் சாய்த்தாள், குடையும் கூடவே சாய்ந்தது, பெட்டி வெயிலுக்கு வந்தது. முதுகு இழுத்துப் பிடிக்க அப்படியே கோணலாக நின்றாள். “என்ன வெயிலு இது, ஆடியில அடிக்கிற வெயிலா. எங்க வீட்டுக்காரரு நேத்து பேசனாரு. அங்க இரும்புத் தகட்டத் தொட முடியலயாம், மத்தியானம் ரெண்டு மணி நேரம் வேலைய நிறுத்திட்டாங்களாம். இங்க யாரு நிறுத்தறா. அந்தா குனிஞ்சு கெடக்காளுவ பாரு. நீயுந்தான் நிக்கற, மெழுவுவத்தி கணக்கா. மோரக் குடி மொதல்ல.” குடித்தாள். உப்பும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தொண்டையில் இறங்கின. குடித்த வாயால் எப்படிக் கேட்பது? மூன்றாவது ஊசிக்கு அப்புறம் கேட்கலாம்.

வெயில். சித்தப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதம், பதினோரு மணிக்கு, தலை சுற்றுகிறது என்று லாரிக்கு அடியில் நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். வியர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்த அடுப்பு மாதிரி கொதித்தது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் மாரடைப்பு என்று இருந்தது. தையல்நாயகி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். வீட்டில் படித்தவள் அவள்தான், எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்கலாமா என்று நினைத்தாள். டாக்டர் அவசரமாகப் படியேறிக்கொண்டிருந்தார், ஈர வேட்டியோடு சித்தியின் தம்பி வந்து ‘வண்டி ரெடி’ என்றார். தாளை மடித்துச் சித்தியிடம் கொடுத்துவிட்டாள். அந்த வருஷம் வெயிலில் இத்தனை பேர் என்று எங்கோ ஒரு கணக்கு எழுதியிருப்பார்கள், அதில் சித்தப்பா இல்லை. அவர் வேறு பத்தியில் இருக்கிறார். ஒவ்வொருவராக இப்படி வேறு பத்திக்குப் போய்விட்டால் கடைசியில் வெயில் யாரையும் கொன்றதில்லை என்று ஆகிவிடும், காய்ச்சலும் பாய்ச்சலும் களிமண்ணுக்கு ஒத்துவராது என்று ஆகிவிடும். அவளை மாதிரி வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர் எத்தனை நோட்டில் கேள்விக்குறி போட்டுவைத்திருக்கிறார்களோ. உலகம் சூடாகிறதா என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வரைபடங்கள் ஞாபகம் வராது, சித்தப்பாவின் தோல்தான் ஞாபகம் வரும். அதை அவள் தொட்டுப் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான், ஆனாலும் விரல் நுனியில் அது இருக்கிறது. அலாரம் அடித்தது. மூன்றாவது ஊசி முதல் தடவை ரப்பரில் இறங்கவில்லை. இரண்டாவது தடவை இறங்கியது. குப்பியில் எண் எழுதினாள். பொய்யைச் சுத்தமாக மூடி, எண் எழுதி, தெர்மகோலில் அடுக்கினாள்.

“அக்கா,” என்றாள். குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. “சொல்லு பாப்பா.” தட்டான் ஒன்று பெட்டியின் மூலையில் வந்து உட்கார்ந்தது, எழுந்து போயிற்று, திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்தது. “வயல்ல தண்ணி நிக்குதேக்கா.” “ஆமா, நேத்து சாயங்காலம் கட்டுனேன். நீ வருவியே.” மறைக்கவில்லை, தயங்கவில்லை, மோர் கொண்டுவந்தேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள். தையல்நாயகி எதிர்பார்த்து வைத்திருந்த தடுமாற்றம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. “நான் வர்றதுக்கு எதுக்குக்கா தண்ணி? காய விடணும்னுதானே சார் சொன்னாங்க.” “காய விடத்தானே விட்டேன். மொத ரெண்டு வாரமும் விடலயா? ரெண்டாவது வாரம் நீ வந்தப்ப வயலு மேலால லேசா வெடிச்சிருந்துச்சு. பெட்டிய வச்சுட்டு, அந்தக் குழில ஊத்தத் தண்ணி இல்லாம, உன் பையிலேர்ந்து குடிக்கிற தண்ணி பாட்டில எடுத்து முச்சூடும் ஊத்திட்ட. நான் கொட்டகையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பறம் அரை மணி நேரம் இந்த வெயில்ல வாயக் கட்டிக்கிட்டு நின்ன. ஒரு வாய் தண்ணி கேக்கல. போறப்ப ஒதடு ரெண்டும் வெள்ளையா இருந்துச்சு. எங்கேருந்தோ வர்ற பொண்ணு, நம்ம வயலுக்குத் தன் தண்ணிய ஊத்திட்டுத் தொண்டை காய நிக்கறத எவ பாத்துக்கிட்டு இருப்பா? அதான் வாராவாரம் திங்கக்கெழமை ஒரு தண்ணி விட்டுடுவேன். ஊத்தற வேல உனக்கு மிச்சம்ல. ஏன், தப்பா?”

தையல்நாயகிக்கு அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. பாட்டிலைக் கவிழ்த்தபோது வந்த களக்களக் சத்தம், கடைசிச் சொட்டு வரை குழியில் ஊற்றியது, பத்தடியில் கொட்டகைத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது, ஒரு செம்பு தருகிறீர்களா என்று கேட்கக் கூச்சப்பட்டு ஊற்றியது. முதல் நாள் அறிமுகத்துக்கே வியர்த்தவள் இரண்டாம் வாரம் எப்படிக் கேட்பாள்? களைப் பயம் இல்லை, மரியாதை இல்லை, எதுவும் இல்லை. இந்தக் களிமண்ணில் தண்ணீர் இறங்கிச் சாண் ஆழத்துக்குக் கீழே போக எட்டு நாளாவது ஆகும், ஏழாம் நாள் அவள் தொண்டைக்காகத் தண்ணீர் வந்திருக்கிறது. ஐந்து வாரமாக இந்த வயல் மூச்சு விடவே இல்லை. “தப்பான்னு கேட்டேன்,” என்றாள் அம்சவல்லி. குடை கொஞ்சம் இறங்கியிருந்தது. “ஆமாக்கா. காஞ்சாத்தான் அந்த வாயு குறையும். இதுல குறையவே இல்லன்னு எழுதியிருக்கு. வெள்ளிக்கெழமை கூட்டத்துல இந்த மண்ணுக்கே இது ஆவாதுன்னு சொல்லிடுவாங்க.” “எத்தன வாரம்?” “அஞ்சு.” அம்சவல்லி வயலைப் பார்த்தாள். தண்ணீரில் அவளுடைய குடை கறுப்பாகத் தெரிந்தது. “அஞ்சு வாரமா தண்ணி நிக்கறத நீ பாக்கலயா?” “பாத்தேன்க்கா.” “பாத்துட்டா கேக்காம இருந்த?” அதில் கோபம் இல்லை, அதிசயம்தான் இருந்தது. இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்பதுபோலப் பார்த்தாள். “நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?”

களை பறிக்கும் வரிசையிலிருந்து ஒருத்தி, “என்னடி அம்சு, பெட்டிப் பொண்ணுக்குக் குடை புடிக்கற? சம்பளம் உண்டா?” என்று கத்தினாள். “ஒன் வேலையப் பாருடி,” என்று அம்சவல்லி திரும்பாமலே சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இத நீ சொன்னா ஒன் வேலைக்கு ஏதும் ஆவுமா?” “ஆவலாம்க்கா.” “எங்க வயல எடுத்துடுவாங்களா?” “தெரியல.” அம்சவல்லி காலால் வரப்பு மண்ணை நெரடினாள். “சொல்லலன்னா யாருக்குத் தெரியப் போவுது? நான் இன்னையோட தண்ணிய நிறுத்திடுறேன். வர்ற வாரத்துலேர்ந்து காயும், தானா கொறையும். மொதல்ல கொறையல, அப்பறம் கொறஞ்சுதுன்னு எழுதிக்கயேன். நானும் வாயத் தொறக்க மாட்டேன்.” நல்லதுக்குத்தான் சொன்னாள். நல்ல யோசனையாகவும் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு கையைப் பிடித்துப் போகலாம் போல. முதலில் குறையவில்லை, பிறகு குறைந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் குறுக்கே நிற்கிறது. இன்றைக்குச் செவ்வாய். பஸ்ஸில் போன இரண்டு பெண்களும் இந்நேரம் பந்தலைக்கூட மறந்திருப்பார்கள். கூட்டத்தில் யாராவது குறுக்கே பேசி இன்னொரு பருவம் பார்ப்போம் என்று சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். போன வருஷமும் இப்படி ஒரு பருவம் பார்ப்போம் என்றார்கள், அதற்கு முந்திய நவம்பரில் ஒரே நாள் மழையில் சீர்காழி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து, அவள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் போட்டாள், அப்போதும் எல்லாரும் அடுத்த வருஷம் பார்ப்போம் என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். ‘சார், ஆறாம் எண் வயல் குறித்துப் பேச வேண்டும்.’ அவர் பார்ப்பார், சாயங்காலம் கூப்பிடுவார், சாயங்காலத்துக்குள் தைரியம் போய்விடும், வேறு எதையாவது சொல்லிவிடுவாள், குப்பி தீர்ந்துவிட்டது என்பாள். முதுகு வலித்தது. இன்னும் கோணலாகத்தான் நிற்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. “அக்கா, குடை நிழல் பெட்டிமேல விழக் கூடாதுக்கா,” என்றாள். அம்சவல்லி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “இதையுந்தான் சொல்ல வேண்டியதுதானே,” என்றாள்.

அலாரம் அடித்தது. நாலாவது ஊசி. இனி இதனால் யாருக்கும் பயனில்லை என்று தெரிந்தும் இழுத்தாள், குப்பியில் செலுத்தினாள், எண் எழுதினாள். பெட்டியைத் தூக்கி எடுத்ததும் உள்ளே அடைபட்டிருந்த சூடு முகத்தில் வந்து மோதியது. நாலு குத்துப் பயிரும் மற்ற பயிர்களோடு சேர்ந்துகொண்டன. பலகையில் அடி வைத்து வரப்புக்கு வந்தாள். கையைத் துடைத்தாள். போனை எடுத்தாள். செய்தி அனுப்பும் இடத்துக்கு விரல் தானாகப் போனது, அதை விட்டுவிட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கிறது. எடுக்காமல் இருந்தால் நல்லது. இரண்டு, மூன்று. பாடம் நடத்திக்கொண்டிருப்பார். நாலு. அம்சவல்லி பெட்டியைக் கொட்டகைக்குத் தூக்கிப் போகக் குனிந்தவள் குனிந்தபடியே அவளைப் பார்த்தாள். “சொல்லும்மா,” என்றார் இமானுவேல் சார். “சார், ஆறாம் நம்பர் வயல்ல...” என்று ஆரம்பித்து ஏதோ சொன்னாள், என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்கவில்லை. “காத்து சத்தமா இருக்கு, ஒண்ணும் கேக்கலம்மா. அப்பறம் கூப்பிடறியா? ஒண்ணும் அவசரமில்லயே?” என்றார்.

“அவசரந்தான் சார்,” என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வயலின் ஐந்து வார அளவையும் எடுத்துவிடச் சொன்னாள். தண்ணீர் எப்படி வந்தது, யாருக்காக வந்தது, எந்தெந்த வாரம் பார்த்தும் தான் கேட்காமல் விட்டாள் என்பதைப் பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.